பம்பு ஹவுஸ் பக்கமும் ஒருமுறை வாருங்கள்: நகராட்சி ஆணையருக்கும் நகர்மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாத நகர்மன்றக் கூட்டத்தில் ‘எரிசக்தி சிக்கனப் பணிகள்’ என்ற தலைப்பில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. நிதி ஆணைய மானியத்திலிருந்து பேருந்து நிலையச் சாலைக்கு எல்இடி அலங்கார விளக்குக் கம்பங்கள், நான்கு சந்திப்புகளுக்கு உயர்கோபுர விளக்குகள், நகராட்சி அலுவலக மாடிக்கு 20 கிலோவாட் சூரிய மின்தகடு. எந்த உறுப்பினரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்று அறிந்தேன். அந்தத் தீர்மானத்தை நிறுத்திவைத்து மறுபடி விவாதிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

விளக்கே இல்லாத இடத்தில் புதிதாக ஒரு விளக்கை நட்டால் மின்கட்டணம் கூடும். அது எல்இடியாக இருந்தால் கொஞ்சம் குறைவாகக் கூடும், அவ்வளவுதான். பேருந்து நிலையச் சாலையில் ஏற்கெனவே நல்ல வெளிச்சம் இருக்கிறது. அங்கே இருக்கும் கம்பங்களுக்கு நடுவே அலங்காரக் கம்பங்களை நடுவது எந்தக் கணக்கில் சிக்கனம் ஆகிறது? ஊரை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள், அது வேறு விவாதம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்ற பெயரில் மின்சாரச் செலவைக் கூட்டும் ஒரு பணிக்கு மானியத்தை எழுதிவைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்று மோட்டார்கள், தறி மோட்டார்கள். நகராட்சியின் தலைமை நீரேற்று நிலையத்திலும் வார்டுகளில் உள்ள நீர் உந்து அறைகளிலும் எரியும் மோட்டார்களில் பாதிக்கு மேல் பல வருடங்களாக என் பட்டறைக்குத்தான் வருகின்றன. அதில் எனக்கு வருமானம் உண்டு. அந்த மோட்டார்கள் எரிவது நின்றால் எனக்குத்தான் நஷ்டம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். நகராட்சியின் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதை என் பட்டறையில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறது.

ஒரு மோட்டார் எரிந்து வந்தால் பழைய காயிலை உருவ வேண்டும். அவசரத்துக்கு அதை நெருப்பில் சுட்டு உருவுவார்கள். சூடு அளவு மீறினால் உள்ளே காயில் உட்காரும் ஸ்டாம்பிங் எனும் இரும்புத் தகடுகளின் காப்புப் பூச்சு போய்விடும். அப்புறம் எவ்வளவு நல்ல செம்புக் கம்பி போட்டுக் கட்டினாலும் அந்த மோட்டார் சூடாகிக்கொண்டேதான் ஓடும். சூடாகும் மின்சாரத்துக்கும் மீட்டர் ஓடும், தண்ணீர் மட்டும் ஏறாது. பக்குவமாகக் கட்டினால் இழப்பு கொஞ்சம்தான். ஆனால் ‘இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும், ஊருக்குத் தண்ணீர் இல்லை’ என்று வண்டியில் ஏற்றி வரும் மோட்டாருக்கு யார் பக்குவம் பார்ப்பது? ஒரே மோட்டார் திரும்பத் திரும்ப வருகிறது. நேம் பிளேட்டில் எழுத்து அழிந்துபோய், எத்தனை எச்.பி. என்பதையே ஆபரேட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய மோட்டார்கள் இருக்கின்றன.

ஏன் எரிகின்றன? மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய கருவியின் ஒயரைப் பிடுங்கி நேரடியாக இணைத்திருப்பார்கள். ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அடிக்கடி டிரிப் ஆனால் தண்ணீர் ஏறாது, தண்ணீர் ஏறாவிட்டால் வார்டு உறுப்பினர் முதலில் சத்தம் போடுவது அவரிடம்தான். அவருக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: தொட்டி நிறைந்ததா இல்லையா. எத்தனை யூனிட்டில் நிறைந்தது என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டும்போது பம்பையும் பார்ப்பேன். பெரிய கதை அங்கேதான் இருக்கிறது. உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ஓரம் தேய்ந்து, அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையத்தில் (வேர் ரிங்) இடைவெளி விழுந்து, மேலே தள்ள வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, அதனால் யார் கண்ணிலும் படாது. ஒரு நீரேற்று அறையில் தண்ணீர் வெளியேறும் குழாயின் டெலிவரி வால்வைப் பாதி மூடியே வைத்திருக்கிறார்கள். முழுக்கத் திறந்தால் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்து டிரிப் ஆகிறது. விசாரித்தால், அந்தப் பம்பு வாங்கிய காலத்தில் தூரத்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. இப்போது பக்கத்திலேயே புதுத் தொட்டி வந்துவிட்டது. பம்பை மட்டும் மாற்றவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கையும் பிடித்தபடி வண்டி ஓட்டுவது போல அந்தப் பம்பு தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஆகும் செலவைச் சொல்கிறேன். 60 எச்.பி. மோட்டார் என்றால் 45 கிலோவாட். முழுச் சுமையில் மீட்டரில் மணிக்கு ஏறக்குறைய 50 யூனிட் ஓடும். நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6,400 ரூபாய், ஒரு வருடத்துக்கு 23 லட்சத்துக்கு மேல். இது ஒரே ஒரு மோட்டாருக்கு. அந்த மோட்டாரையும் பம்பையும் புதிதாக வாங்கினால் ஆகும் விலை, அது ஒரு வருடம் குடிக்கும் மின்சாரத்தின் விலையில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் நம் நகராட்சியில் புதுப் பம்பு கேட்டால் ‘நிதி இல்லை’, மின்கட்டணம் கட்ட மட்டும் எப்படியோ நிதி வந்துவிடுகிறது.

அடுத்த கணக்கு பள்ளிக்கூடப் பாடம்தான், புவியீர்ப்புக் கணக்கு. 10 லட்சம் லிட்டர் தண்ணீரை, குழாய் உராய்வையும் சேர்த்து, 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். இழப்பே இல்லாத ஒரு இயந்திரம் இருந்தால் அதற்கு 109 யூனிட் போதும். அப்படிப்பட்ட இயந்திரம் உலகத்தில் இல்லை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடும் நல்ல செட் என்றால் 168 யூனிட் ஆகும். தேய்ந்துபோய் 40 சதவீதத்தில் ஓடும் செட் என்றால் 272 யூனிட். ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டர் ஏற்றும் ஊரில் இந்த வித்தியாசம் மட்டும் தினமும் 520 யூனிட். வருடத்துக்கு 15 லட்சம் ரூபாய். நம் பம்புகள் 40இல் ஓடுகின்றனவா, 50இல் ஓடுகின்றனவா? அதைச் சொல்ல வேண்டியது நகராட்சி. அளந்தால்தான் தெரியும், யாரும் அளக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இந்த 520ஐ மாடியில் போடப்போகும் சூரிய மின்தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட், அதுவும் தகட்டைத் துடைத்து வைத்தால். சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி கிடையாது, என் பட்டறைக் கூரையிலும் போட ஆசைதான். ஆனால் தேய்ந்த பம்புகளை அப்படியே ஓடவிட்டுவிட்டு மாடியில் தகடு போட்டால், அந்தத் தகடு கொடுப்பதைப் போலப் பல மடங்கு அதே நாளில் நீரேற்று நிலையத்தில் வீணாகிக்கொண்டிருக்கும். முதலில் வீணாவதை நிறுத்திவிட்டு, அப்புறம் தகடு போடுங்கள்.

விளக்கு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். பழைய சோடியம் விளக்கையும் டியூப் லைட்டையும் எடுத்துவிட்டு எல்இடி மாட்டியது நல்ல வேலை. 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 120 வாட் எல்இடி போதும். செம்புச் சோக் வைத்த 40 வாட் டியூப் லைட் உண்மையில் 50 வாட்டுக்கு மேல் குடிக்கும், அங்கே 20 வாட் எல்இடி போதும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் அடித்து விசாகப்பட்டினத்தின் தெருவிளக்குகள் நாசமானபோது, அந்த மாநகராட்சி மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனத்தோடு சேர்ந்து 91,000க்கும் மேற்பட்ட விளக்குகளை எல்இடியாக மாற்றியது. 2015 ஜனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க 1 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமான விளக்குகள் அந்தத் திட்டத்தில் மாறியிருக்கின்றன. இதிலெல்லாம் மிச்சம் வந்ததற்குக் காரணம், பழைய விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டினார்கள். உங்கள் தீர்மானத்தில் ஒரு பழைய விளக்கைக் கூடக் கழற்றப் போவதாக எழுதவில்லை.

நம் ஊரில் ஏற்கெனவே மாட்டிய எல்இடிகளின் கதி என்ன? முதல் இரண்டு வருடம் நன்றாக எரிந்தன. அப்புறம் மின்னழுத்தம் எகிறியதில், விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் கருவிகள் போயின. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் கையில் கிடைத்த விலை குறைந்த விளக்குகளை மாட்டினார்கள். அந்தியில் போட்டு விடியலில் அணைக்க வேண்டிய டைமர்கள் பல தெருக்களில் செத்துக் கிடக்கின்றன. காலை ஒன்பது மணிக்கும் எரியும் தெருக்கள் எவை என்று பால்காரரைக் கேட்டாலே சொல்வார். ஒரு டைமரை மாற்ற ஆகும் செலவு உயர்கோபுர விளக்கின் கம்பத்துக்குப் பூசும் வண்ணத்துக்குக் கூடக் காணாது. அதே சமயம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள மூன்று காலனிகளில், மில் ஷிப்டு முடிந்து இரவில் வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள். அங்கே புது விளக்கு போடுங்கள். கட்டணம் கூடினாலும் பரவாயில்லை, அது தேவை. ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் சாலைக்கு அலங்காரம் எதற்கு?

‘மானியத்தில் பம்பு வாங்க முடியாது, விதிமுறை இடம் தராது’ என்று ஒரு அலுவலர் என்னிடம் சொன்னார். விதிமுறையை நானும் வாசித்தேன். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு நகர உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 1,21,055 கோடி ரூபாய். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதில் 60 சதவீதம் நிபந்தனையுள்ள மானியம்: பாதி குடிநீருக்கு, மழைநீர் சேகரிப்புக்கு, நீர் மறுசுழற்சிக்கு, மறு பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு ஏற்ப நகராட்சியே முடிவு செய்யலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் தொடக் கூடாது. குடிநீர் ஏற்றும் பம்பு குடிநீர்ப் பணியில் வராது என்றால் வேறு எதுதான் வரும்? நீங்கள் விளக்குக்கு ஒதுக்கியிருப்பதோ அந்த 40 சதவீதத்தில். அதாவது பம்புக்கு இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கின்றன.

நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தையும் பாருங்கள். 2015 ஜூனில் 500 நகரங்களுக்காக அதைத் தொடங்கியபோதே, தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் எரிசக்தித் தணிக்கை செய்வது சீர்திருத்தப் பட்டியலில் இருந்தது. சீர்திருத்தங்களை முடித்தவர்களுக்கு ஊக்கத்தொகை என்று தனியாக 10 சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0 எல்லா நகரங்களுக்கும் பொதுவானது. கணக்கில் வராமல் போகும் தண்ணீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அது சொல்கிறது. மின்சாரம் செலவழித்து ஏற்றிய தண்ணீர் குழாய் உடைப்பில் சாக்கடைக்குப் போனால், தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்துதான் போகிறது. பழைய சந்தைக்குப் பின்னால் உள்ள ஏர் வால்வு (குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது) வருடக் கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. அதில் லாரி கழுவுகிறார்கள்.

தணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. மத்திய எரிசக்தித் திறன் செயலகம் பதினொன்றாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே (2007–12) நகராட்சிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாட்டில் 134 நகர உள்ளாட்சிகளுக்கு விரிவான அறிக்கைகள் தயாராகின. ஆக இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. நம் ஊர் நீரேற்று நிலையத்திலும் சில வருடங்களுக்கு முன் தணிக்கை நடந்தது. ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும், குழாயை வெட்டாமலே உள்ளே ஓடும் தண்ணீரை அளக்கும் கருவியும் கொண்டுவந்து இளைஞர்கள் சிலர் நாள் முழுக்க அளந்தார்கள். பேனல் போர்டைத் திறந்துகாட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறிக்கை எங்கே என்று கேட்டால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் கைகாட்டுகிறது. அவர்களுக்குக் கொடுத்த கட்டணமும் மக்கள் பணம்தான்.

பம்பு மாற்றப் பணம் திரளும் வரை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. நீரேற்று நிலையத்துக்கு உயரழுத்த இணைப்பு இருக்கிறது. அதில் ஒப்புக்கொண்ட டிமாண்டில், அதாவது அதிகபட்சம் இழுத்துக்கொள்ளலாம் என்று மின்வாரியத்தோடு பேசிவைத்த அளவில், குறைந்தது 90 சதவீதத்துக்கு, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், மாதா மாதம் கட்டணம் கட்ட வேண்டும். திட்டம் பெரிதாக வரும் என்று எப்போதோ கூடுதலாக வாங்கிய டிமாண்டை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோமா? ஆம் என்றால் மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் குறைத்துவிடலாம். இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கைக் காட்டும் பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் அதற்குத் தனியாக அபராதம். அதைச் சரியாக வைக்கப் பேனலில் உள்ள கெப்பாசிட்டர்களில் சில ஊதிப்போய் நிற்பதை நானே பார்த்தேன். மின்கட்டணப் பட்டியலில் இந்த அபராதம் ஒவ்வொரு மாதமும் தனி வரியில் அச்சாகி வரும். அந்த வரியை அலுவலகத்தில் யாராவது வாசிக்கிறார்களா?

வாசிக்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் உறைப்பதில்லை. பம்பு ஹவுஸ் மின்கட்டணம் குடிநீர் நிதியில் போகிறது, தெருவிளக்குக் கட்டணம் வருவாய் நிதியில் போகிறது. பொறியியல் பிரிவு பம்பை ஓட்டுகிறது, கணக்குப் பிரிவு பில் கட்டுகிறது. ஓட்டுகிறவர் பில்லைப் பார்ப்பதில்லை, கட்டுகிறவர் பம்பைப் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அப்புறம் 2023, 2024, 2025 என்று ஒவ்வொரு ஜூலையிலும் ஏதாவது ஒரு விதத்தில் உயர்ந்தது. கட்டணம் ஏற ஏற, தேய்ந்த பம்பின் விலையும் ஏறுகிறது. குடிநீர்க் கட்டணத்தையும் சொத்து வரியையும் உயர்த்தும்போது மட்டும் எங்களுக்கு நோட்டீஸ் வருகிறது.

டெண்டர் விஷயமும் இருக்கிறது. பம்பு வாங்குவதே அபூர்வம், வாங்கினாலும் விலை எவர் குறைவாகப் போட்டாரோ அவருக்கு ஆர்டர். பம்பின் விலையில் இருபதாயிரம் மிச்சம் பிடித்து, மின்கட்டணத்தில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் விடுகிறோம். நாட்டுக்கே பம்பு செய்து அனுப்பும் கோவை நமக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். சோதனைக்கூடங்களும் அங்கேயே இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, நேம் பிளேட் அழிந்த பம்புகளை வைத்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வாங்கிக் குவிக்கக் கிளம்பிவிடக் கூடாது. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் பாதிக்கு மேல் மிச்சம் என்று விற்பனைக்காரர்கள் படம் போட்டுக் காட்டுவார்கள். நீண்ட குழாயில், உராய்வு அதிகமான இடத்தில் அது ஓரளவு உண்மை. நம்முடையது போல உயரத் தொட்டிக்கு நேராக ஏற்றும் இடத்தில் வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மேலே போய்ச் சேராது. அங்கே தேவை, அந்த உயரத்துக்கும் அந்த அளவுக்கும் பொருத்தமான பம்பு. மானியம் வந்ததும் பொருத்தமில்லாத கருவிகளை வாங்கி அட்டைப்பெட்டியோடு அடுக்கிவைத்த கதை இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஏன் விளக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது எனக்கும் புரிகிறது. உயர்கோபுர விளக்குக்குக் கீழே கல்வெட்டு வைக்கலாம், சுவிட்சைப் போட்டு கைதட்டு வாங்கலாம். ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில், தகரக் கதவு போட்ட அறைக்குள் ஓடும் பம்புக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? ஒவ்வொரு டிசம்பர் 14ஆம் தேதியும் எரிசக்தி சேமிப்பு நாள் என்று பள்ளிப் பிள்ளைகளைப் பதாகையோடு வெயிலில் நடக்க விடுகிறோம். இந்த டிசம்பரில் அவர்களை நீரேற்று நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் கூட வாருங்கள்.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, அந்தத் தீர்மானத்தின்படி பணி உத்தரவு கொடுப்பதை நிறுத்திவைத்து, அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு வையுங்கள். அதற்கு முன்பு, காணாமல் போன தணிக்கை அறிக்கையைத் தேடி எடுத்து, கடந்த மூன்று வருட மின்கட்டணப் பட்டியல்களோடு சேர்த்து நகராட்சி இணையதளத்தில் வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் மனுப் போடாமலே இப்படிப்பட்ட விவரங்களைத் தரச் சொல்கிறது. மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்கவும் நான் தயார்தான், ஆனால் அதற்குள் டெண்டர் முடிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு பம்பையும் அளந்து பாருங்கள். பெரிய கருவி கூட வேண்டாம். கொள்ளளவு தெரிந்த தொட்டியில் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதே நேரத்தில் மீட்டரில் ஓடும் யூனிட்டைக் குறித்தால் போதும். 10 லட்சம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கைப் பம்பு வாரியாக நீரேற்று நிலையச் சுவரிலும் நகராட்சி அறிவிப்புப் பலகையிலும் எழுதி, மாதா மாதம் புதுப்பியுங்கள். டிமாண்டையும் கெப்பாசிட்டர்களையும் இந்த மாதமே சரிபார்த்துவிடலாம்.

மூன்றாவது, அந்த அளவில் மிக மோசமாக வரும் பம்புகளுக்கு மானியத்தை முதலில் ஒதுக்குங்கள். டெண்டரில் வாங்கும் விலையோடு பத்து வருட மின்செலவையும் சேர்த்துக் கூட்டி, மொத்தம் யாருக்குக் குறைவோ அவருக்குக் கொடுங்கள். இந்தியத் தரமான ஐஎஸ் 12615இன்படி, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஐஇ3 வகை மோட்டார் என்று நிபந்தனையில் எழுதுங்கள். தொழிற்சாலையில் ஒரு சோதனை, இங்கே மாட்டிய பிறகு ஒரு சோதனை. இரண்டாவது சோதனையில் சொன்ன திறன் வரும் வரை ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவையுங்கள். கழற்றிய பழைய பம்பை ‘ஸ்டாண்ட்பை’ என்று மூலையில் வைக்காமல் ஏலம் விட்டுவிடுங்கள். வைத்தால் ஆறு மாதத்தில் அதுதான் மறுபடி ஓடும்.

நான்காவது, புது விளக்கு எங்கே வேண்டும் என்பதை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் கேட்டு முடிவு செய்யுங்கள். 2022 நவம்பர் முதல் அந்தச் சபைகள் நடக்கின்றன. ரயில்வே கேட் காலனிப் பெண்கள் அங்கே வந்து சொல்வார்கள். பழுதான டைமர்களை உடனே மாற்றுங்கள். அடுத்து எந்த விளக்கை வாங்கினாலும் ஐந்து வருடப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

ஐந்தாவது, பம்பு மாற்றிய பிறகு மிச்சமாகும் மின்கட்டணத்தை, முந்தைய வருட யூனிட்டோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டுத் தனிக் கணக்கில் வையுங்கள். அதிலிருந்து குழாய்க் கசிவுகளைச் சரிசெய்யலாம், அடுத்த பம்பை மாற்றலாம். அடுத்த மானியம் எப்போது வரும் என்று காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

அளக்கிற நாளில் கிளாம்ப் மீட்டரோடு வரத் தயாராக இருக்கிறேன், அதற்குக் கூலி வேண்டாம். பொறியியல் பிரிவு நாளைக் குறித்துச் சொன்னால் போதும். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நகராட்சிக்கு மோட்டார் காயில் கட்டித் தரும் பட்டறைக்காரன்